பாஸ்போர்ட் வேண்டாம் என்று சொன்னவள்

அலாஸ்காவின் ஸ்காக்வே ஊரில் குளிர்காலம் முழுக்கத் தங்கிக் கிடப்பவர்கள் ஆயிரம் பேர் தேறினால் அதிகம். ஜூன் பிறந்து ஒரே நாளில் நான்கு கப்பல்கள் துறையில் வந்து நின்றால் பத்தாயிரம் பேர் தெருவில் இறங்குவார்கள். அத்தனை கூட்டத்திலும் வெர்னா ஹல்வோர்சன் தன் ஆட்களை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்துவிடுவாள். குளிர்காலம் பூராவும் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து தொலைபேசியில் அவர்களோடு பேசியிருப்பாள். யாருக்கு முழங்கால் வலி, யாருக்கு ஜன்னலோரம் வேண்டும், எந்த மாமியாரையும் மருமகளையும் ஒரே அறையில் போடக்கூடாது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அவளுடைய வேலையே அதுதான். அலாஸ்காவுக்குக் கப்பலில் வருகிறவர்களுக்குப் பயணத்தைத் திட்டமிட்டுக் கொடுப்பது. எந்தத் துறையில் எத்தனை மணி நேரம், இறங்கியதும் எந்தப் பேருந்து, சாப்பாடு எங்கே, கழிப்பறை எங்கே, திரும்ப எத்தனை மணிக்குக் கப்பல் ஏற வேண்டும் என்று ஆளுக்கொரு தாள் எழுதி அனுப்புவாள். எல்லை தாண்டினால் கனடாப் பக்கம் கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தி ஓடும். அது தெரியாமல் மதியச் சாப்பாட்டைக் கோட்டைவிட்டவர்கள் ஊரில் நிறைய உண்டு. வெர்னாவின் ஆட்களில் அப்படி ஒருவர்கூடக் கிடையாது. இருபத்தேழு வருடமாக இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

ஜனவரியில் கேன்சஸிலிருந்து லோரீன் பாஷ்கே கூப்பிட்டாள். எண்பத்திரண்டு வயது, தனி வீட்டில் தனியாக இருப்பவள். மகள் கார்லாவோடு சியாட்டிலில் கப்பல் ஏறி, சுற்றிவிட்டு, சியாட்டிலிலேயே இறங்குவதாகத் திட்டம். அப்படிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிற கப்பலுக்குப் பிறப்புச் சான்றிதழும் ஓட்டுநர் உரிமமும் போதும். வெர்னா அதைத்தான் எழுதி அனுப்பினாள். அதில் தப்பே இல்லை.

மார்ச்சில் லோரீன் மறுபடியும் கூப்பிட்டாள். குரல் தயங்கியது.

"வெர்னா, கண்ணு, வைட்ஹார்ஸ்ல என் தம்பி இருக்கான். ரஸ்ஸல். எழுபதுல வியட்நாம் சண்டைக்குப் பட்டாளத்துல கூப்பிட்டாங்கன்னு கனடாவுக்கு ஓடினவன். அப்புறம் நான் அவன் மூஞ்சியையே பாக்கல. இப்ப மூக்குல ஆக்ஸிஜன் குழாயோட இருக்கான். கப்பல் நிக்கிற அன்னைக்குப் போய்ப் பாத்துட்டு வர முடியுமா?"

"ஏன் முடியாது? காலைல எட்டு மணிக்கு பஸ் இருக்கு. மத்தியானம் தம்பியோட சாப்பாடு, சாயங்காலம் கப்பல்."

"வேற காகிதம் ஏதாவது எடுக்கணுமா?"

"ஒண்ணும் வேண்டாம் லோரீன் அம்மா. எங்களுக்கு அது பக்கத்துத் தெரு மாதிரி. வச்சிருக்கறதே போதும்."

பக்கத்துத் தெருதான். பல் பிடுங்க, டயர் மாற்ற, குளிர்காலத்தில் அழுகாத தக்காளி வாங்க ஸ்காக்வேக்காரர்கள் மலை ஏறி வைட்ஹார்ஸுக்குத்தான் போவார்கள். பாஸ்போர்ட் எல்லார் வண்டியிலும் கண்ணாடி துடைக்கும் துணியோடு கிடக்கும். எல்லை தாண்டி ஃப்ரேசரில் உள்ள கனடாச் சாவடி அதிகாரி அதை வாங்கிப் பார்த்துக்கொண்டே "நாய்க்குக் கால் சரியாயிடுச்சா?" என்று விசாரிப்பார். தினம் புழங்குகிற கதவுக்குத் தாழ்ப்பாள் இருப்பது யாருக்கு ஞாபகம் வரும்? வெர்னாவுக்கு வரவில்லை. கப்பலுக்குச் செல்லுபடியாகிற காகிதம் தரைவழியில் திரும்பி வரச் செல்லாது என்பது இருபத்தேழு வருடமாக அவள் வாயாலேயே மற்றவர்களுக்குச் சொன்னதுதான். அன்றைக்குச் சொல்லவில்லை.

ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை. காலை எட்டு மணிக்குப் பேருந்துப் படிக்கட்டில் நின்று ஓட்டுநர் கஸ் ஒவ்வொருவர் பாஸ்போர்ட்டாகப் பார்த்து ஏற்றிக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வருடமாக அந்தப் பாதையில் ஓட்டுகிறவன். லோரீன் நீலச் சட்டை போட்டு, உதட்டுச் சாயம் பூசி, தம்பிக்கென்று சுட்ட பிஸ்கட் டப்பாவை மார்போடு அணைத்தபடி சான்றிதழை நீட்டினாள்.

"இது கப்பலுக்கு, பாட்டிம்மா. பாஸ்போர்ட் எங்க?"

"இது போதும்னு சொன்னாங்களே."

"யார் சொன்னது?" கஸ் தலையைத் தூக்கி, வழியனுப்ப வந்து நின்ற வெர்னாவைப் பார்த்தான். "அக்கா, உங்க ஆளா? உங்க ஆளுங்க இப்படி வர மாட்டாங்களே! போறப்ப கனடாக்காரன் விட்டாலும் விட்டுருவான். வர்றப்ப நம்ம சாவடிக்காரங்க உக்கார வச்சுட்டா கப்பல் போயிரும். கம்பெனிக்காரன் என்னைத் தொலைச்சுருவான். நான் ஏத்த முடியாது."

வரிசையில் நாற்பது பேர். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வெர்னாவுக்கு அந்த மார்ச் மாதப் பேச்சு முழுசாக ஞாபகம் வந்தது, பேசும்போது அடுப்பில் என்ன கொதித்தது என்பது உட்பட. வாய் மட்டும் வேறு பக்கம் போனது.

"நான் சொன்னேனே லோரீன் அம்மா. வைட்ஹார்ஸ் போறதா இருந்தா பாஸ்போர்ட் எடுக்கணும்னு போன்ல சொன்னேனே. மறந்துட்டீங்களா?"

லோரீன் எதிர்த்துப் பேசியிருந்தால் வெர்னா அந்த நிமிடமே இறங்கி வந்திருப்பாள். அவள் எதிர்க்கவில்லை. "அப்படியா சொன்ன?" என்றாள். பிறகு சின்னக் குரலில், "மன்னிச்சுக்கோ கண்ணு. என் தலை இப்பல்லாம் சரியில்ல போலிருக்கு."

கார்லா தன் பாஸ்போர்ட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "நான்தான் அப்பவே கேட்டேன்ல அம்மா, எல்லாம் சரியாக் கேட்டுக்கிட்டியான்னு," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் வெர்னாவைக் குத்தியது. இது முதல் தடவை இல்லை என்பதுபோல் ஒரு சலிப்பு. கஸ் கதவைச் சாத்தினான்.

குற்றம் செய்தவள் ஓடி ஓடி உதவி செய்வாள் இல்லையா, வெர்னாவும் ஓடினாள். ரஸ்ஸலின் பக்கத்து வீட்டுக்காரியைத் தொலைபேசியில் பிடித்தாள். மலை உச்சியில் எல்லைக் கோட்டருகே அலாஸ்கா பெயர்ப்பலகை இருக்கிறது. கனடாச் சாவடி அதற்கு அப்பால், அமெரிக்கச் சாவடி அதற்கு இப்பால். அந்தப் பலகைவரை ரஸ்ஸலைக் கொண்டுவந்தால் இவர்களும் அதுவரை ஏறலாம். இரண்டு பேருமே மற்ற நாட்டுச் சாவடியைத் தொடவேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரி சம்மதித்தாள். வெர்னா தன் காரில் தாயையும் மகளையும் ஏற்றினாள். வழியில் ஒரு முறை லோரீன், "இன்னைக்குப் புதன்கிழமைதானே?" என்று கேட்டாள். கண்ணாடியில் வெர்னா பார்த்தபோது, அவள் விரல் விட்டு ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

உச்சியில் மூடுபனி. ஜூனிலும் பாறை இடுக்கில் அழுக்குப் பனி. பதினொன்றரைக்கு ஒரு பழைய வண்டி வந்து கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றது. ரஸ்ஸல் இறங்கினார். குழாயும் ஆக்ஸிஜன் உருளையுமாக, எலும்பும் தோலுமாக.

"இந்தப் பக்கம் வா, ரஸ். காத்து இல்லாம இருக்கு," என்றாள் லோரீன்.

"மாட்டேன். அந்த மண்ணுல கால் வைக்கமாட்டேன்னு சொன்னது சொன்னதுதான்."

"உங்களையெல்லாம் சர்க்காரே மன்னிச்சுடுச்சுடா, அம்பது வருசம் ஆகப்போவுது!"

"நான் எப்ப மன்னிப்பு கேட்டேன்?"

லோரீன் சிரித்துக்கொண்டே போய்த் தம்பியைக் கட்டிக்கொண்டாள். அக்காவும் தம்பியும் அந்தப் பழைய வண்டிக்குள் உட்கார்ந்தார்கள். வெர்னாவும் கார்லாவும் வெளியே காற்றில் நின்றார்கள்.

"ரொம்ப நன்றிங்க," என்றாள் கார்லா. "நீங்க இல்லன்னா இதுவும் நடந்திருக்காது."

வெர்னா பலகையின் ஆணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொல்றேன். அம்மாவுக்கு ஒரு முதியோர் இல்லத்துல இடம் பாத்து வச்சிருக்கேன். வீட்டை விக்கணும். அம்மா ஒத்துக்கல. 'எனக்கு ஒண்ணும் ஆகல, பயணத்துல என்னைப் பாரு, அப்புறம் பேசு'ன்னாங்க. சரின்னு விட்டேன். இன்னைக்குக் காலைல பாத்துட்டேன்." கார்லா மூக்கைத் துடைத்தாள். "கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா இனிமே தனியா விடமுடியாது."

உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. வெர்னா, "குளிருது, காருக்குள்ள உக்காருங்க," என்றாள். ஒரு நிமிடம் போனால் சொல்லலாம், தாயும் மகளும் தனியாக இருக்கும்போது சொல்லலாம், ஊருக்குப் போனபின் கடிதமாக எழுதலாம் என்று அவள் மனசு தவணை போட்டுக்கொண்டே இருந்தது. இருபத்தேழு வருடம் கட்டிக் காத்த பெயரா, யாரோ ஒரு கிழவியின் வீடா என்று அவள் தன்னையே வாய்விட்டுக் கேட்டுப் பார்த்திருந்தால் அங்கேயே கூசிப்போயிருப்பாள். கேட்கவில்லை.

நாற்பது நிமிடத்தில் ரஸ்ஸலுக்கு மூச்சு வாங்கியது. பக்கத்து வீட்டுக்காரி போதும் என்றாள். வண்டி திரும்பிப் போனது.

இறங்கும் வழியில் அமெரிக்கச் சாவடி. அங்கிருந்த அதிகாரி வெர்னாவின் எதிர்வீட்டுக்காரர். சான்றிதழைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "பலகை வரைக்கும்தானா? சத்தியமா? அடுத்த தடவை இப்படி ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்தே, வெர்னா, உன்னை இங்கயே பெருக்க விட்டுருவேன்," என்று சொல்லி வழிவிட்டார்.

சாவடி தாண்டியதும் லோரீன் பின்னால் இருந்து பேசினாள்.

"வெர்னா, ஒண்ணு கேக்கணும். நீ போன்ல பேசினது எனக்கு ஞாபகம் இருக்கு. 'பக்கத்துத் தெரு மாதிரி'ன்னு சொன்ன. 'வச்சிருக்கறதே போதும்'ன்ன. உன் குரல்லயே காதுல கேக்குது. காலைலேர்ந்து ரோசனை பண்றேன். சொன்னது மறந்துபோறது ஒண்ணு. சொல்லாதது குரலோட கேக்கறதுன்னா... அது ரொம்ப முத்திப்போச்சுன்னு அர்த்தமா?"

"அம்மா, விடும்மா," என்றாள் கார்லா.

வெர்னா வண்டியை ஓரம் கட்டினாள். பின்னால் வந்த ஒரு பேருந்து ஒலி எழுப்பிவிட்டுத் தாண்டிப் போனது.

"சொன்னேன்," என்றாள். ஸ்டியரிங்கை விடாமல், திரும்பாமல். "நீங்க கேட்டது சரி. பாஸ்போர்ட் வேண்டாம்னு நான்தான் சொன்னேன். அந்த வார்த்தைதான். தப்பு என்னோடது. அத்தனை பேர் முன்னால கஸ் கேட்டதும் மானம் போயிருமேன்னு உங்க மேல போட்டுட்டேன்."

கார்லாதான் முதலில் வாய் திறந்தாள். "மலைல நான் வீட்டைப் பத்திச் சொன்னேனே. அப்பகூட நீங்க சும்மா நின்னீங்களே?"

"ஆமா."

"எப்படி முடிஞ்சுது உங்களால?"

லோரீன் அழுவாள், அல்லது கன்னத்தைத் தட்டி, போனால் போகிறது கண்ணு என்பாள் என்று வெர்னா எதிர்பார்த்திருந்தாள். லோரீன் இரண்டும் செய்யவில்லை.

"அம்பத்தஞ்சு வருசத்துக்கு அப்புறம் தம்பியைப் பாத்தேன்," என்றாள். "கிடைச்சது நாப்பது நிமிசம். அதுல பாதி நேரம் என் மூளை கெட்டுப்போச்சுன்னு அவன்கிட்ட சொல்லி அழுதேன். அவன் எனக்கு ஆறுதல் சொன்னான், மூச்சு விட முடியாம. அந்த நேரத்தை நீ எங்கேர்ந்து கொண்டுவருவே?"

வெர்னா வண்டியைக் கிளப்பித் துறைமுகத்துக்கு ஓட்டினாள்.

இரண்டு மணி தாண்டியும் கப்பல் ஏறாமல் லோரீன் படிக்கட்டருகே நின்றாள். "ரஸ்ஸல் இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பான். கூப்பிட்டுச் சொல்லு. நான் சொன்னா, அக்கா சமாளிக்கறாள்னு நினைப்பான். நீ சொல்லு. இங்கயே, என் முன்னால."

வெர்னா கூப்பிட்டாள். காலையில் பொய்யைச் சொல்ல ஒரு மூச்சு போதுமாயிருந்தது. உண்மையைச் சொல்ல வார்த்தைக்கு வார்த்தை நிறுத்த வேண்டியிருந்தது. மறுமுனையில் ஆக்ஸிஜன் குழாயின் சீறல் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அப்ப அவளுக்கு ஒண்ணும் இல்லையா?" என்றார் ரஸ்ஸல்.

"ஒண்ணும் இல்லங்க. தெளிவா இருக்காங்க."

"தெரியும். அஞ்சு வயசுல நான் விழுங்கின பித்தான் என்ன நிறம்னு இன்னைக்குச் சொன்னா." மூச்சு வாங்கிக்கொண்டார். "என் அக்காகிட்ட போனைக் குடு. நீ தள்ளிப் போ."

வெர்னா கைப்பேசியைக் கொடுத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றாள். கார்லா தன் அம்மாவின் தோளில் கை வைத்தாள். லோரீன் அதை மெல்ல எடுத்துவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு தம்பியோடு பேசினாள். ஒருமுறை சிரித்தாள்கூட. கப்பல் புறப்பட இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. அவ்வளவு நேரமும் பேசட்டும் என்று வெர்னா அங்கேயே நின்றாள். மற்ற ஆட்கள் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வரத் தொடங்கினார்கள். "வெர்னா, எல்லாம் நீ எழுதிக் குடுத்தபடியே, நிமிசம் பிசகல!" என்று ஒருவர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவள் அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.