ஏரிக்கரையில் பொரித்த ரோல்ஸ்

என் கணவருக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. யாருடன் தொலைபேசியில் கதைத்தாலும் கடைசியில் "வாங்கோவன்" என்று சொல்லித்தான் வைப்பார். உண்மையில் கூப்பிடுவதற்காக அல்ல. சொல்லாவிட்டால் மரியாதை இல்லையாம். எங்கள் ஆட்கள் எல்லோரிடமும் இந்தப் பழக்கம் உண்டு, அது வெறும் வாய்ச்சொல் என்பதும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் வருகிறவர்கள் வந்து நிற்பார்கள். போன கோடையில் அந்தச் சொல் எனக்குச் செய்த வேலையை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

நான் சுவிற்சர்லாந்தில் எம்மன்புரூக்கே என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். அங்கே உருளைக்கிழங்கு அவித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கே சோறு அவிக்க வேண்டும். எனக்கு ஒரே மகள். பேர்னில் அறை எடுத்துத் தங்கி மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோடை விடுமுறைக்கு வந்தபோது கன்னம் ஒட்டிப்போய் இருந்தாள். கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். சாப்பாட்டுக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு சோற்றில் விரலால் கோடு கீறிக்கொண்டிருப்பாள். பெற்றவளுக்குத் தெரியாதா?

ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்ற என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, உங்களோட ஒரு விசயம் கதைக்கோணும். வீட்டில வேண்டாம். இஞ்ச எப்ப பாத்தாலும் போன், ரீவி, இல்லாட்டி நீங்கள் அடுப்படியில நிப்பீங்கள். ஒரு வோன்மொபில் வாடகைக்கு எடுப்பம். ஏரிக்கரையில போய் ரெண்டு நாள் நிப்பம். நீங்கள் சட்டி தொடக்கூடாது. பாணும் சீஸும் தின்னுவம்."

வோன்மொபில் என்றால் வீட்டையே முதுகில் கொண்டுபோகிற வாகனம். கட்டில், அடுப்பு, கக்கூசு எல்லாம் அதற்குள் இருக்கும். வெள்ளைக்காரச் சனம் கோடை முழுக்க இதில் ஊர் சுற்றுவதை நான் நெடுஞ்சாலைப் பாலத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த ஆசை வந்ததில்லை. ஆனால் பிள்ளை கதைக்க வேண்டும் என்று கேட்டாளே, அதற்காக நான் கூடாரத்தில் படுக்கச் சொன்னாலும் படுத்திருப்பேன். என்ன விசயம் என்று இரவெல்லாம் யோசித்தேன். பெடியன் விசயமாக்கும் என்றுதான் நினைத்தேன். யாராக இருந்தாலும், எந்த நிறமாக, எந்தச் சமயமாக இருந்தாலும் ஓம் என்று சொல்லுவது என்று முடிவெடுத்துவிட்டுத்தான் உடுப்பு அடுக்கினேன்.

கணவரிடம் ஒன்றைத்தான் கேட்டேன். "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. பிள்ளை என்னோட மனம்விட்டுக் கதைக்கோணும் எண்டவள்."

"ஓமப்பா, நான் ஆருக்குச் சொல்லப் போறன்" என்றார்.

மூர்த்தன் ஏரிக்கரையில் வோன்மொபில்கள் நிற்கிற ஒரு முகாமில் இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று பேரும் போய்ச் சேர்ந்தோம். மகள்தான் ஓட்டினாள். சில்லுக்குக் கீழே ஆப்பு வைத்து வாகனத்தை மட்டமாக்கினாள், மின்சார வயரைக் கொழுவினாள், பக்கத்துச் சீலைக் கூரையை இழுத்து விரித்தாள். நான் மடிப்புக் கதிரையில் மகாராணி மாதிரி இருந்தேன். எங்களுக்கு அடுத்த இடத்தில் காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற ஒரு சின்னக் கரவன் நின்றது. அதில் என் வயதுச் சுவிஸ் மனுசி ஒருத்தி தனியே தங்கியிருந்தாள். வாசல் படியில் இருந்து புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தவள் தலையை ஆட்டி வணக்கம் சொன்னாள், திரும்ப வாசிக்கத் தொடங்கிவிட்டாள். தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது. இரவு பாணை வெட்டித் தக்காளி வைத்துச் சாப்பிட்டோம். "நாளைக்குக் காலமை கரையால நடப்பம் அம்மா, அப்ப சொல்லுறன்" என்றாள் மகள்.

சனிக்கிழமை காலை கோப்பி குடித்துவிட்டுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். கணவர் பொதுக் குளியலறையில் முகம் மழித்துவிட்டு வந்தார். இஸ்திரி போட்ட சேட்டு. ஏரிக்கரையில் யாருக்கு இஸ்திரி போட்ட சேட்டு?

"இஞ்சேருமப்பா, அண்ணையாக்கள் ஒருக்கா எட்டிப் பாத்திட்டுப் போகினமாம்."

"ஆர் சொன்னது அவைக்கு?"

"நேற்று அண்ணை எடுத்தவர். கதையோட கதையாச் சொன்னன். சும்மா ஒரு சொல்லுக்கு வாங்கோவன் எண்டன். வருவினம் எண்டு நான் கண்டனே."

"அவை மட்டுமோ?"

சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். "தங்கச்சிக்கும் சொல்லிப்போட்டார் போல. லோசானில இருந்து அவையும் வெளிக்கிட்டிட்டினமாம். மூர்த்தன் ரெண்டு பேருக்கும் நடுவிலதானே, வசதி எண்டு."

வசதி. அந்த மனுசனை அப்படியே ஏரிக்குள் தள்ளிவிடலாமா என்று வந்தது.

கார்கள் வந்தன. சோலோதுர்னிலிருந்து கணவரின் அண்ணன், என் அத்தானும் அவர் மனைவியும், நான் அக்கா என்று கூப்பிடுகிறவ. லோசானிலிருந்து கணவரின் தங்கை, என் மச்சாளும் அவளுடைய புருசனும், புருசனின் தாய் தகப்பனும். எங்கள் ஆட்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள். அதிலேதான் பிரச்சினையே. கோழி ஊறப்போட்ட வாளி, றைஸ் குக்கர், கடதாசிக் கோப்பை மூட்டை, காஸ் அடுப்பு, பொரிக்கிறதுக்கு ஒரு பெரிய தாச்சி. மச்சாள் இறைச்சிக் கறி வைத்துச் சுருட்டிப் பாண்தூளில் புரட்டிய ரோல்ஸைத் தட்டுத்தட்டாக அடுக்கிக் கொண்டுவந்திருந்தாள். ஒன்றுகூடப் பொரிக்கவில்லை.

"பொரிச்சுக் கொண்டந்தா ஆறிப்போகும் அண்ணி. இஞ்ச சுடச்சுடப் பொரிக்கலாம். அதுதான் நீங்கள் இருக்கிறீங்கள்தானே."

நான் இருக்கிறேன்தானே. நான் எங்கேதான் இல்லை? கலியாணவீட்டில் இருக்கிறேன், செத்தவீட்டில் இருக்கிறேன், பிறந்தநாளில் இருக்கிறேன், எல்லா இடத்திலும் தாச்சிக்கு முன்னால் இருக்கிறேன். மகளைப் பார்த்தேன். போட்ட சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

ஆண்கள் கூரைக்குக் கீழே மேசையைப் போட்டு முந்நூற்றிநாலு விளையாட இருந்தார்கள். சீட்டை அடிக்கிற சத்தம் முகாம் முழுக்கக் கேட்டது. றைஸ் குக்கரைக் கொழுவியதும் மின்சாரம் நின்றது. முகாம் பொறுப்பாளர் வந்து பியூசைச் சரிசெய்துவிட்டு, மத்தியானம் அமைதி நேரம், சத்தம் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தான் அவருக்கும் ஒரு பியர் நீட்டினார். அந்தாள் சிரிக்கவில்லை. என் முகம்தான் வெந்தது.

அக்கா தண்ணீர் எடுப்பதற்கு என்று குழாயடிக்குப் போனவ, அங்கே யாழ்ப்பாணத்து மனுசி ஒருத்தியைக் கண்டு கதைக்கத் தொடங்கிவிட்டா. மச்சாள் தாச்சிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, தீ கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பொரித்தேன்.

இதற்குள் அத்தான் காலைத் தூக்கி இன்னொரு கதிரையில் நீட்டி வைத்துக்கொண்டு என் மகளைக் கூப்பிட்டார்.

"டொக்டர், இஞ்ச ஒருக்கா வாங்கோ. பெரியப்பான்ர முழங்காலைப் பாருங்கோ. இஞ்சத்தை டொக்டர்மார் குளுசையைத் தந்து கலைக்கிறாங்கள். நீங்கள் வந்தாத்தான் எங்களுக்கு ஒரு விடிவு."

"நான் இன்னும் படிக்கிறன் பெரியப்பா" என்றாள்.

"அதெல்லாம் டொக்டர்தான். எங்கட குடும்பத்தின்ர முதல் டொக்டர்" என்றார் மச்சாளின் மாமனாரைப் பார்த்து. அந்தக் கிழவனும் தன் தோள்மூட்டைக் காட்டினார். என் பிள்ளை குனிந்து நின்று அந்த முழங்காலைப் பிடித்துப் பார்த்தாள். அவள் முகம் சுவர் மாதிரி இருந்தது.

பிறகு என்னிடம் வந்தாள். "அம்மா, கொஞ்சம் நடந்திட்டு வருவமோ?"

நான் வாய் திறக்க முதல் மச்சாள் சொன்னாள், "எங்கயம்மா போறது, எண்ணெய் காஞ்சுபோச்சு. அம்மா பின்னேரம் வருவா."

இன்னொரு தடவையும் வந்தாள். "அம்மா" என்றாள், அவ்வளவுதான். குழாயடியால் திரும்பி வந்திருந்த அக்கா அவள் கையில் ஒரு தட்டைத் திணித்து, "இதை அப்பாவாக்களுக்குக் குடுத்திட்டு வாங்கோ பிள்ளை" என்று அனுப்பிவிட்டா. தட்டைக் கொண்டுபோய் மேசையில் வைத்தாள். அதற்குப் பிறகு அவள் திரும்பி வரவில்லை. நான் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டு பொரித்தேன். வோன்மொபில் மறைத்தது.

கடைசித் தட்டுக்கு முன்னால் பக்கத்துக் கரவன் மனுசி என்னிடம் வந்தாள். எண்ணெய் மணத்துக்குச் சண்டைக்கு வருகிறாள் என்றுதான் நினைத்தேன். நானும் விடுவதாக இல்லை. ஜேர்மன் வசனத்தை மனதுக்குள் கோத்து வைத்துக்கொண்டு நின்றேன். அவள் மெதுவாகச் சொன்னாள். உங்கள் மகள் என்னுடைய வாசல் படியில் இருந்து நிறைய நேரம் அழுதாள். இப்போது கரைப்பக்கம் போயிருக்கிறாள். நீங்கள் வேலையாக நின்றீர்கள், அதனால் உடனே சொல்லவில்லை, மன்னியுங்கள்.

கோத்து வைத்த வசனத்துக்கு வேலை இல்லாமல் போனது. காஸை நிற்பாட்டினேன். "என்ன அண்ணி, அரைவேக்காட்டில நிக்குது" என்று மச்சாள் கத்தினாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மகள் தண்ணீருக்குள் காலை வைத்துக்கொண்டு கல்லில் இருந்தாள். பக்கத்தில் போய் இருந்தேன். என் கையெல்லாம் எண்ணெய் மணம்.

"சோதினை திரும்பவும் பெயில் விட்டிட்டன் அம்மா" என்றாள். "ரெண்டாந்தரமும் பெயில் விட்டா இஞ்ச ஒரு இடத்திலயும் இனி மருத்துவம் படிக்க ஏலாது. முடிஞ்சுது." பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்லுகிற மாதிரிச் சொன்னாள். கண்ணில் ஒரு துளி இல்லை.

"என்ர குஞ்சு, இதையோ மனசுக்குள்ள வச்சுக்கொண்டு திரிஞ்சனி? அழன் பிள்ளை, என்னட்டை அழன்."

"வரேல்லை அம்மா. அந்த மனிசி என்ன நடந்தது எண்டு கேட்டவ. சொல்லத் தொடங்கினன், எல்லாம் அவவிட்டையே அழுதிட்டன்."

படிப்புப் போனது எனக்குப் பெரிதாகப் படவில்லை. இதைச் சத்தியமாகச் சொல்லுவேன். பேர் தெரியாத ஒருத்தியின் படியில் என் பிள்ளை அழுதிருக்கிறாள், நான் கூப்பிடு தூரத்தில் நின்று ஊருக்குப் பொரித்துக் கொட்டியிருக்கிறேன். அதுதான் நெஞ்சைப் பிடுங்கியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தேன். அத்தான் இன்னும் காலை இறக்கவில்லை.

"எங்க டொக்டர் ஓடித் திரியிறா? முழங்காலுக்கு என்ன செய்யிறதெண்டு இன்னும் சொல்லேல்லை."

"இஞ்ச டொக்டர் ஒருத்தரும் இல்லை அத்தான்" என்றேன். "இது என்ர பிள்ளை. இவளோட கதைக்கத்தான் நான் இஞ்ச வந்தனான், உங்களுக்குப் பொரிச்சுத் தர இல்லை. சாப்பிட்டது காணும், எல்லாரும் வெளிக்கிடுங்கோ."

சீட்டுச் சத்தம் நின்றது. "உமக்கென்ன விசரோ" என்று கணவர் எழும்பினார். ஓம், விசர்தான், இவ்வளவு நாளும் வராமல் இருந்ததுதான் அதிசயம் என்று அவருக்கும் சொன்னேன். எங்கள் ஆட்களில் வந்தவர்களைப் போ என்று சொல்லுவது கொலைக்கு அடுத்த குற்றம். அக்கா குக்கரைத் தூக்கினா. மச்சாள் மிச்ச ரோல்ஸைக்கூட விடாமல் அடுக்கிக்கொண்டு போனாள்.

இரவு கணவருக்கு மகளே விசயத்தைச் சொன்னாள். பிறகு அந்த மனுசன் கேட்ட முதல் கேள்வி, "அண்ணைக்கு இனி என்னெண்டு சொல்லுறது?" என்பது. நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டேன். வாயைத் திறந்திருந்தால் முகாம் முழுக்க எழும்பியிருக்கும்.

அத்தான் வீட்டோடு இப்போது கதைபேச்சு இல்லை. ஒருக்கால் போய் மன்னிப்புக் கேள் என்று கணவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் போகமாட்டேன். மகள் வேறு படிப்பில் சேர்ந்துவிட்டாள், நன்றாகச் சாப்பிடுகிறாள். எல்லாம் நல்லதுக்குத்தான், அதை மறந்துவிடு என்று வேலைத்தளத்துச் சிநேகிதிகள் சொல்கிறார்கள். எதை மறப்பது? அவள் மாதக்கணக்காக அடக்கி வைத்திருந்த அழுகை அது. எனக்கென்று கொண்டுவந்தது. இரண்டு தடவை என்னிடம் கொண்டுவந்தாள், இரண்டு தடவையும் அவளைத் திருப்பி அனுப்பினார்கள்.