புற்றைச் சுற்றிய ஓட்டம்

எங்கள் வீட்டில் ‘ற்’ என்ற எழுத்தைச் சரியாக உச்சரிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமை இன்றும் கொஞ்சம் உண்டு. ஆனால் தங்கைக்குக் கழுத்தில் கட்டி வந்த வருடம் அது ஒன்றுக்கும் உதவவில்லை.

புவனகிரியில் போட்ட பற்றுக்கெல்லாம் கட்டி கரையாததால் அப்பா அவளைக் கடலூர் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார். திரும்பி வந்து, டாக்டர் சொன்னதை ஒரே சொல்லில் அம்மாவிடம் சொன்னார்: “புத்தாம்.” அம்மா பால் செம்பை எடுத்துக்கொண்டு வெள்ளாற்றங்கரைப் பாம்புப் புற்றுக்குப் போய்விட்டாள்.

“அந்தப் புத்து இல்லம்மா, புற்றுநோய். ஒடம்புக்குள்ள வர்றது” என்று, திரும்பி வந்தவளிடம் ‘ற்’றை அழுத்திச் சொன்னேன்.

“அதத்தாண்டி நானும் சொல்றேன்” என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் சிதம்பரத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. அண்ணாமலை நகர் மைதானத்தில் பல பள்ளிப் பெண்கள் ஓடுவார்கள்; ஓடுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் தெரிந்தவர்கள் பணம் தருவார்கள்; குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கும் ஆராய்ச்சிக்கு அது போகும். அதிகம் ஓடுபவளுக்கு ஒரு கப்பு. எனக்குக் கணக்கு எளிதாக இருந்தது. நிறைய ஓடினால் மருந்து வரும், தங்கை பிழைப்பாள்.

சுற்றுக்கு என்ன தருவீர்கள் என்று தெருவில் கேட்டுப் போனேன். புற்று, சுற்று என்ற இரண்டு சொற்களும் காதில் விழுந்ததுமே தெருவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது: பெண் தங்கைக்காகப் புற்றைச் சுற்றி வரப்போகிறாள். எதிர்வீட்டுப் பெரியம்மா சுற்றுக்கு ஒரு முட்டை என்றாள். இன்னொருத்தி பால் தருவதாகச் சொன்னாள். மாமாவுக்கு மட்டும் சிரிப்பு.

“ஓடுனா காசு குடுப்பாங்களா? நேத்து எங்க காள அவுத்துக்கிட்டு கீரப்பாளையம் வரைக்கும் ஓடுச்சே, அதுக்கு யாருடி குடுப்பா?”

கடைசியில் காசாகத் தர ஒப்புக்கொண்டவரும் அவர்தான்.

ஓட்டத்தன்று அம்மா எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, மஞ்சளில் நனைத்த பாவாடையைக் கட்டிவிட்டாள். சாப்பிட ஒன்றும் தரவில்லை. “வேண்டுதல்னா வெறும் வயித்துலதான்” என்றாள். விளக்கிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அப்படியே பஸ் ஏறினேன்.

மைதானத்தில் மற்றப் பெண்கள் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ போட்டு, குளுக்கோஸ் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் சாப்பிட்டாயா என்றார். ஆயிற்று என்றேன். வெயில் ஏற ஏற ஒவ்வொருத்தியாக நிழலுக்குப் போனார்கள். பாவாடையிலிருந்து மஞ்சள் என் முழங்கால்களுக்கு இறங்கியிருந்தது. பாதம் சுட்டு, பிறகு அது சுடுவதுகூடத் தெரியாமல் போயிற்று. கடலூர் முதுநகர்ப் பெண் ஒருத்தி மட்டும் என்னை விடாமல் பக்கத்திலேயே ஓடினாள்.

“நீ யாருக்காக ஓடுற?” என்று மூச்சிரைக்கக் கேட்டாள்.

“தங்கச்சிக்கு. நீ?”

“கப்புக்கு.”

இன்னும் கொஞ்ச தூரம் கூட வந்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்ததும் நான் ஜெயித்துவிட்டதாகச் சொன்னார்கள். எனக்கு நிற்கத் தோன்றவில்லை. டீச்சர்தான் குறுக்கே வந்து என்னைக் கட்டிப் பிடித்து நிறுத்தினார்.

“மருந்து எப்ப டீச்சர் வரும்?”

அவர் என் முகத்தைத் துடைத்துவிட்டார். “ஆராய்ச்சின்னா உடனே நடக்காதும்மா. உன் பிள்ளைங்க காலத்துல கண்டிப்பா வந்துடும்.”

கண்டிப்பாக என்ற சொல்லை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் அம்மா எனக்குச் சோறு போட்டுவிட்டு, கொப்பளித்திருந்த காலை மடியில் வைத்து எண்ணெய் தடவினாள். தங்கை கப்பைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என் பிள்ளைகள் காலத்தில் மருந்து கண்டிப்பாக வந்துவிடும் என்று டீச்சர் சொன்னதைப் பெருமையோடு சொன்னேன்.

அம்மா இன்னும் கொஞ்சம் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டாள்.

“அப்ப ஒன்ன சீக்கிரமா கட்டிக் குடுத்துடணும்” என்றாள்.

எனக்கு அழுகை வெடித்துவிட்டது. இவ்வளவு ஓடிவிட்டு வந்ததற்குப் பலன் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்துவதுதானா? நான் படிக்கணும், கட்டிக்க மாட்டேன் என்று கத்தினேன்.

தங்கை கப்பைக் கழற்றிவிட்டு என் முதுகைத் தடவினாள். “அழாதக்கா. நீ படிச்சிட்டு மெதுவாவே கட்டிக்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

என் படிப்பு தப்பித்துவிட்டது என்று எனக்குப் பெரிய நிம்மதி. அம்மாவின் கை என் பாதத்தின்மேல் அப்படியே நின்றிருந்தது. ஒரு கால் முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, மற்றக் காலை நீட்டினேன்.