ஆமணக்குத் தண்டும் அப்பாவின் கத்தியும்

இரண்டு வருஷ இண்டர்மீடியட் படிப்பில் இயற்கை விஞ்ஞானம் எடுத்தவர்கள் ஆளுக்கொரு சவரக்கத்தி வைத்திருக்க வேண்டும். திருச்சியில் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே சாமான் பட்டியலில் அதையும் எழுதிப் போட்டிருந்தார்கள். செடியின் தண்டைக் கண்ணாடி மாதிரி மெல்லியதாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்தால்தான் செல் தெரியும். சீவல் கனமாக இருந்தால் செல்லின் மேல் செல் ஏறிக்கொண்டு வெறும் கறுப்பாகத்தான் தெரியும்.

மற்ற பெண்கள் அலறினார்கள். நான் அலறவில்லை. எங்கள் வீட்டில் சவரக்கத்தி ஐந்தாறு உண்டு. அரியலூர் ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சவரம் செய்பவர் என் அப்பா. உலக யுத்தக் காலத்தில் சீமைக்கத்தி கடைகளில் கிடைக்காதபோது, அவருடைய பழைய கத்தி ஒன்றுதான் என்னோடு கல்லூரிக்கு வந்தது.

ஹாஸ்டலில் கேட்டவர்களிடம் அப்பா வைத்தியர் என்றேன். முழுப் பொய் இல்லை. எங்கள் பக்கத்தில் கட்டி வந்தால் அவரிடம்தான் கீறிக்கொள்வார்கள். அடுத்து வந்ததுதான் முழுப் பொய். வகுப்பிலேயே மெல்லிய சீவல் என்னுடையது என்பதால், "கை நடுங்கவே இல்லையே, எங்கே பழகினே?" என்று ஆசிரியை கேட்டார். வீணை வாசிப்பேன் என்று சொல்லிவிட்டேன். வீணையை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். கல்லூரி விழாவில் வாசிக்கச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, விழா முடியும்வரை விரலில் துணி சுற்றிக்கொண்டு திரிந்தேன்.

செல்லை முதலில் பார்த்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்த முதல் ஆளே நான்தான். செல்லைப் பார்த்த முதல் ஆளும் நானே. உலகத்திலேயே முதலில் பார்த்தது நான்தான் என்பதுபோல மூன்று நாள் நடந்துகொண்டேன்.

கத்தி மழுங்கத் தொடங்கியது. அப்பா உள்ளங்கையில் போக ஒரு தேய், வர ஒரு தேய் தேய்த்துப் பதம் பார்ப்பார். அது எனக்கும் வரும். ஆனால் வகுப்பில் உட்கார்ந்து உள்ளங்கையில் கத்தி தீட்டினால், நான் யார் மகள் என்று தனியாகத் தண்டோரா போட வேண்டாம். அதனால் மழுங்கலோடு ஒப்பேற்றினேன். லீவுக்கு ஊருக்கு வந்தபோது, "கத்தியக் குடு, பாக்கறேன்" என்றார் அப்பா. "அதெல்லாம் எனக்குத் தெரியும்ப்பா" என்றேன். பிறகு அவர் இல்லாத நேரத்தில் துவைக்கிற கல்லில் போட்டுத் தேய்த்தேன். படித்தவள் இல்லையா?

லீவு முடிந்து திரும்பும் நாள் வந்தது. அடுத்த நாள் கடைசிச் செய்முறைப் பரீட்சை. பெரம்பலூரில் பருத்திக் காடும் இரண்டு ஜோடி மாடும் உள்ள வீட்டுப் பெண் ஒருத்தி என்னோடு படித்தாள். அவள் பஸ்ஸில் அரியலூர் வந்து, இருவரும் சேர்ந்து திருச்சிக்கு ரயிலேறுவதாக ஏற்பாடு. அன்று காலை கஞ்சி குடிக்கும்போது அப்பாவிடம், "ஸ்டேஷன்ல என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க" என்றேன். அவர் என்னை ஒருதரம் பார்த்தார். "சரி" என்று மீதிக் கஞ்சியைக் குடித்தார்.

ரயில் ஒரு மணி நேரம் தாமதம். "சும்மா உக்காந்திருக்கறதுக்கு ஒருதரம் சீவிப் பாக்கலாம் வாடி" என்று தோழி வேலியோரம் இருந்த ஆமணக்கில் ஒரு தண்டை ஒடித்தாள். நான் கத்தியை வைத்தேன். தண்டு நார்நாராகக் கிழிந்தது.

"என்னடி இது, எலி கரண்டின மாதிரி?" என்றாள். நாளைக்கும் இப்படி என்றால் பரீட்சை போயிற்று.

"அதோ பாரு, மரத்தடில ஒருத்தர் சவரம் பண்றாரு. அவர்கிட்ட தீட்டிக்கலாம்" என்று அவள் என் கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

அப்பா எங்களை நிமிர்ந்து பார்த்தார். "வாங்கம்மா, எந்த ஊருக்குங்க?" என்றார் என்னிடம். பிறந்ததிலிருந்து அன்றுதான் என்னை அவர் 'வாங்க' என்றார்.

"தி... திருச்சி" என்றேன்.

கத்தியை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். "எந்த மகராசி இதக் கல்லுல போட்டுத் தேச்சது? நல்ல கத்திய அருவாளாக்கி வச்சிருக்காங்க!"

"தெரியலங்க" என்றேன்.

"தெரியலன்னா தெரிஞ்சவங்ககிட்ட குடுக்கணும்ங்க." சாணைக்கல்லில் எண்ணெய் விட்டு இழைக்க ஆரம்பித்தார். "இத வச்சு என்ன பண்றீங்க?"

"செடியச் சீவி, உள்ள இருக்கற செல்லப் பாப்போம். செல்லுன்னா சின்னச் சின்ன ஓட்டைங்க" என்றாள் தோழி.

அதைக் கேட்டுக்கொண்டு எப்படிச் சும்மா நிற்பது? "ஓட்டை இல்லடி!" என்று ஆரம்பித்தேன். ஒவ்வொன்றும் சுவர் வைத்த ஓர் அறை, சுவரை ஒட்டி நிறமில்லாத கூழ் மாதிரி ஒன்று, அதுதான் உயிர், நடுவில் தண்ணீர், தண்ணீர் குறைந்தால் செல் தளர்ந்து செடி வாடும், கூழுக்குள் ஓர் உருண்டை இருந்து காரியம் பார்க்கும், பச்சை மணிகள் வெயிலை வாங்கிச் சாப்பாடு செய்யும், ஒரு செல் இரண்டாகி, இரண்டு நாலாகித்தான் செடி வளர்கிறது, நாமும் அப்படித்தான். பிளாட்பாரத்துக் கூலிக்காரர் ஒருவர்கூட நின்று கேட்டார்.

அப்பாவின் கை நின்றிருந்தது. "இதெல்லாம் உங்க வூட்ல சொல்லிருக்கீங்களா?"

இரண்டு வருஷத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர்களுக்கு என்ன புரியும் என்று இருந்துவிட்டேன்.

அவர் கத்தியை உள்ளங்கையில் தேய்த்து, பதம் பார்க்க அந்த ஆமணக்குத் தண்டையே எடுத்து ஒரு சீவு சீவினார். சீவல் அவருடைய கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. அதன் வழியே ரேகை தெரிந்தது.

"அடியம்மா!" என்றாள் தோழி. "உன்னுதெல்லாம் என்னடி, இதுல்ல சீவல்! யாரோ எவரோ, என்ன கை பாரு!"

இந்த இடத்தில் நான் மனம் திருந்தி உண்மை பேசினேன் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. அந்தக் கையின் பெருமை யாரோ எவருக்கோ போவதை என்னால் பொறுக்க முடியவில்லை. "யாரோ இல்ல. எங்கப்பா" என்றேன்.

தோழி சிரித்தாள். அப்பா பதறிப்போய், "இல்லங்கம்மா, எனக்கு இவங்களத் தெரியாது. வெயில்ல நின்னதுல தலை சுத்தியிருக்கும்" என்றார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறார்!

"அப்பா, நான்தான் சொல்றேன்ல!"

"பெரியவரே சொல்றாருல்ல. பாவம், அவரை ஏண்டி வம்புக்கு இழுக்கறே?" என்றாள் தோழி. இரண்டு வருஷம் நான் சொன்ன பொய்யையெல்லாம் நம்பியவள், ஒரே ஒரு உண்மையை நம்ப மறுத்தாள்.

கத்தியைப் பிடுங்கினேன். இடது உள்ளங்கையை விரித்துப் போக ஒரு தேய், வர ஒரு தேய் தேய்த்தேன்.

"மணிக்கட்ட மடக்காத ஆயி, கைய வெட்டிக்குவ" என்றார் அப்பா. வீட்டில் கூப்பிடும் 'ஆயி' வாயில் வந்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தோழி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். ரயிலுக்குக் கைகாட்டி இறங்கியது.

ரயிலில் அவள் எனக்கு எதிரே உட்கார்ந்தாள், பக்கத்தில் இல்லை. ரயில் புள்ளம்பாடி ஸ்டேஷனைத் தாண்டியது. பிறகு, "போன மாசம் என் கன்னத்துக் கட்டிக்கு ஏதோ அரைச்சுப் போட்டியே, அது உங்கப்பா சொன்ன மருந்தா?" என்றாள்.

"இல்ல, நானே சொன்னது."

"அதான் ஆறல." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஹாஸ்டல்ல நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றாள்.

"நானே சொல்லிக்கறேன்" என்றேன். அவள் சொல்லி, என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டால் என்ன செய்வது?