துடைத்துக் கட்டி வைத்த டைகள்

அந்த மேனேஜருக்கு என்னைக் கண்டால் ஆகாது. எனக்கும் அவரைக் கண்டால் ஆகாது. தட்டாஞ்சாவடியில் அந்தக் கம்பெனிக்குள் நாங்கள் இரண்டு பேரும் சமமாக இருந்தது அந்த ஒரு விஷயத்தில்தான். ஷாம்பு பாட்டிலுக்கு மூடி செய்யும் கம்பெனி. பிளாஸ்டிக்கை உருக்கி, டை என்று நாங்கள் சொல்லும் இரும்பு அச்சுக்குள் மெஷின் அழுத்தினால் மூடி வந்து விழும். ஒன்பது வருஷம் அதன் முன்னால் நின்றேன்.

பக்கத்து மெஷினில் ஓர் அக்கா. நெல்லித்தோப்பில் எங்களுக்கு அடுத்த தெரு. சங்கம் ஆரம்பிக்கக் கையெழுத்து வாங்கியது அவர்தான். சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் தாளை வைத்து, தண்ணீர்க் குழாயடியில் ஒவ்வொருவராகப் பிடித்தார். முதல் கையெழுத்து அவருடையது, இரண்டாவது என்னுடையது. விஷயம் தெரிந்த மறுநாள் அவரை மட்டும் கேட்டிலேயே நிறுத்தி, வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். என்னை ஏன் விட்டார்கள் என்று இன்றைக்கும் புரியவில்லை. எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. உங்களைத் திரும்ப உள்ளே கொண்டுவராமல் விடமாட்டேன் என்று அவர் வீட்டு வாசலில் நின்று, வாய்க்கொழுப்பில் சொல்லிவிட்டு வந்தேன்.

அக்காவுக்காக வேலைநிறுத்தம் என்று முடிவானதும், கேட்டுக்கு வெளியே பந்தல் போட்டு உட்காரலாம் என்றார் புதுச் சங்கத்தின் தலைவர். நான்தான் சண்டை போட்டேன். என் அப்பா மில் தொழிலாளி. அவர்கள் காலத்தில் தறிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்கள். வெளியே போனால் வேறு ஆளை வைத்து ஓட்டிவிடுவான், உள்ளே உட்கார்ந்தால் மெஷின் நம் பிடியில் இருக்கும். தலைவருக்கு என் பேச்சு பிடிக்கவில்லை. ஆனால் எல்லோரும் என் பக்கம் நின்றார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை மெஷின்களை நிறுத்தினோம். நிறுத்தினால் என்ன செய்யவேண்டும் என்று எங்கள் கைகளுக்குத் தெரியும். உருகிய பிளாஸ்டிக்கை வெளியே தள்ளிவிடவேண்டும், இல்லாவிட்டால் உள்ளேயே கருகும். டையை இறக்கித் துடைத்து, கிரீஸ் பூசி, துணி சுற்றவேண்டும்; இந்த ஊர்க் கடல் காற்றுக்கு ஒரே வாரத்தில் துரு ஏறிவிடும். நாலு மெஷின், நாலு டை. ஆண்கள் செயின் மாட்டி இறக்கினார்கள், நான் கிரீஸ் பூசினேன். அக்கா ஓட்டிய மெஷினின் டைக்கு, அவர் அங்கேயே விட்டுப்போன பச்சைச் சேலைத் துண்டைச் சுற்றினேன். அவர் திரும்பி வரும்போது புதுசாக இருக்கட்டும் என்று நினைத்தேன். நாலையும் தள்ளுவண்டிகளில் ஏற்றி, காலில் இடறாமல் பின் கதவோரம் வரிசையாக நிறுத்திவிட்டுத்தான் உட்கார்ந்தோம். முதலாளி பக்கத்தில் நின்று வேலை வாங்கியிருந்தால்கூட அவ்வளவு சுத்தமாக முடிந்திருக்காது.

மூன்று நாள் உட்கார்ந்தோம். மேனேஜர் கரண்டை நிறுத்தினார், பிறகு கக்கூசுக்குத் தண்ணீரை நிறுத்தினார். அக்கா வெளியிலிருந்து ஜன்னல் கம்பி வழியாகத் தண்ணீர் பாட்டில் நீட்டினார்.

மூன்றாம் நாள் மத்தியானம் மேனேஜர் சிரித்த முகமாக வந்தார். அந்த ஆள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். முதலாளி முன்பக்க ஆபீசுக்கு வந்திருக்கிறார், அந்த அம்மாவைத் திரும்ப எடுப்பது பற்றிப் பேசலாம், ரெண்டு பேர் வாருங்கள் என்றார். எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. முதலாளி அறைக்குள் ரெண்டு பேர் மட்டும் போகக் கூடாது. போனால் எல்லோரும் போகவேண்டும். ரெண்டு பேர் போய் விலைபோன கதைகளை மில்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள் நிறையக் கேட்டிருக்கிறோம். எனவே எல்லோருமே போனோம். முதலாளி டீ வரவழைத்தார். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்தார். மானங்கெட்ட நாங்களும் பதில் சொல்லிக்கொண்டு நின்றோம்.

திரும்பி வந்தபோது பின் கதவு திறந்து கிடந்தது. தள்ளுவண்டிகள் காலி. வாசல் மண்ணில் மினி லாரியின் டயர்த் தடம்.

டை இல்லாத மெஷின் வெறும் இரும்பு. அப்பா காலத்துத் தறிக்கூடத்தை யாரும் மத்தியானத்துக்குள் லாரியில் ஏற்றிவிட முடியாது. எங்கள் கம்பெனியோ நாலே பொட்டலமாகக் கிளம்பிப் போய்விட்டது, அதுவும் நான் கட்டிக் கொடுத்த பொட்டலம். மேனேஜர் கதவில் சாய்ந்து நின்றார்.

"இன்னும் எவ்ளோ நாள் வேணும்னாலும் உக்காருங்கம்மா," என்றார்.

அந்தக் குரலை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை. அடுத்த வாரம் கம்பெனிக்குப் பூட்டு விழுந்தது. அக்கா வீட்டுத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டேன்.

ஏழு மாதம் கழித்து, உழவர்கரையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்தேன். போன வாரம் ஒரு காலையில் சூப்பர்வைசர் ஒரு மூடி ஆர்டரோடு புதிதாக வந்த டை ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். பச்சைச் சேலைத் துண்டு. அதில் நான் போட்ட முடிச்சு. அவிழ்த்துப் பார்த்தேன், ஒரு பொட்டுத் துரு இல்லை.

"யாரோ நல்லா பாத்துக் கட்டியிருக்காங்க," என்றார் சூப்பர்வைசர்.

ஒன்றும் தெரியாத அந்த மனிதரை அறைய வேண்டும் போல இருந்தது. ஆனாலும் டையை மெஷினில் ஏற்ற உதவினேன். சாப்பாட்டு நேரத்தில் அக்காவுக்குப் போன் போட்டேன், எட்டு மாதத்தில் முதல் தடவையாக. இப்போது இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறாராம். டை வந்திருப்பதையும், அவர் சேலை இருப்பதையும் சொன்னேன். அவர் சேலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அங்க எத்தன பேரு வேல செய்றீங்க?"

"பதினாறு பேரு அக்கா."

"கையெழுத்து வாங்க ஆரம்பிச்சிட்டியா?"

"இன்னும் இல்லக்கா."

"அப்புறம் எதுக்குடி எனக்கு போன் பண்ற?" என்று வைத்துவிட்டார்.

இந்தத் தடவை மெஷினை நிறுத்தினால் டையை இறக்கமாட்டேன். பிளாஸ்டிக் உள்ளேயே கருகட்டும், கடல் காற்று வந்து தின்னட்டும். இன்று காலை சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் ஒரு தாளை வைத்து எடுத்துப் போனேன். முதல் கையெழுத்து என்னுடையது.