மச்சானின் மோட்டார் ஸ்டீரிங்

ரவிச்சந்திரன் செய்யூர்ப் பக்கம் சவுக்குத் தோப்புகளை வாங்கி வெட்டி, லாரியில் ஏற்றி விற்பவர். ஐம்பதை நெருங்கும் வயது. நாலு பேர் நடுவில் ஒருத்தரைக் குத்திப் பேசாமல் அவரால் இருக்க முடியாது. அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதைப் பந்தயத் தடத்துக்கு ஓட்டிப்போய், வெறி தீரச் சுற்றிவிட்டு வருவார்.

அந்தக் காரில் இருந்தது ஹைட்ராலிக் ஸ்டீரிங். இன்ஜினோடு சுழலும் பம்ப் ஆயிலை அழுத்த, அந்த அழுத்தம் சக்கரத்தைத் திருப்ப உதவும். ரோட்டில் சிறு கல் கிடந்தாலும் கையில் தெரியும். "டயரு எங்கிட்ட பேசுது" என்பார்.

அவர் மனைவி சுஜாதாவின் தம்பி ரஞ்சித்குமாருக்குச் சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டி ஒரு கார் கம்பெனியில் வேலை. ஆயிலுக்குப் பதில் மின்மோட்டார் வைத்த ஸ்டீரிங் எந்த வேகத்தில் எவ்வளவு லேசாகத் திரும்ப வேண்டும் என்று கம்ப்யூட்டரில் அமைப்பவன். மாமனுக்கும் மச்சானுக்கும் ஆகாமல் போக இதுவே போதுமானதாக இருந்தது.

ரஞ்சித்குமாரின் நிச்சயதார்த்தத்தன்று, பெண் வீட்டார் மாப்பிள்ளையின் வேலையைப் பற்றி விசாரித்தார்கள். ரவிச்சந்திரன் முந்திக்கொண்டார். "இவன் எங்க கார் செய்றான்? பசங்க ஆடற வீடியோ கேமுதான் செஞ்சிகினு கீறான்."

சபை சிரித்தது. ரஞ்சித்குமாரின் முகம் கறுத்தது. "மாமா, வாயால வண்டி ஓட்டாதீங்க. எங்க வண்டில வந்து ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க" என்றான்.

அடுத்த ஞாயிறு இருவரும் தடத்தில் நின்றார்கள். அடிதடி ஆகிவிடக் கூடாதே என்று சுஜாதாவும் போயிருந்தாள். ரவிச்சந்திரன் முதலில் தன் காரையும், பிறகு மச்சான் கொண்டுவந்த புதுக் காரையும் ஓட்டினார். புதுக் காரின் ஸ்டீரிங் கையில் எதுவும் சொல்லவில்லை. டயர் தரையைப் பிடித்திருக்கிறதா, வழுக்குகிறதா என்றே தெரியாமல் ஒரு வளைவில் புல்லில் இறங்கி ஏறினார். "கையில ஒண்ணுமே தெரியலடா" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். ஆனாலும் நேரம் பார்த்தபோது புதுக் கார்தான் முந்தியிருந்தது.

"இப்ப இன்னா சொல்றீங்க மாமா?" என்று ரஞ்சித்குமார் சிரித்தான்.

அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் ரவிச்சந்திரன் மறுபடி தன் காரில் ஏறினார். சுற்று மேல் சுற்றாக, நிறுத்தாமல் விரட்டினார். ஆயில் கொதித்தது. ஆயில் ஓடும் பழைய ரப்பர் ஹோஸ் ஒரு வளைவின் நடுவில் பிய்த்துக்கொள்ள, ஸ்டீரிங் பாறை மாதிரி இறுகியது. கார் நேராகப் போய் ஓரத்து டயர் அடுக்கில் மோதியது. அவர் வலது மணிக்கட்டு முறிந்தது.

புகைக்குள் ஓடிவந்த மச்சானைப் பார்த்து அவர் கேட்ட முதல் வார்த்தை, "எதுலடா கை வச்சே?"

ரஞ்சித்குமார் நின்றுவிட்டான். "ஹோஸ மாத்துங்கன்னு பொங்கலப்பவே சொன்னேன். அப்ப கேட்டீங்களா? இப்ப எம்மேல பழி போடறீங்க. தூ!" என்று திரும்பி நடந்தான். சுஜாதாதான் ஆள் பிடித்து, கணவரைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

மணிக்கட்டில் தகடு வைத்துத் தைத்தார்கள். கை கூடியதும் ரவிச்சந்திரன் காரையும் சரி செய்தார். ஆனால் அதை மறுபடி எடுத்த முதல் நாளே கல்பாக்கம் ரோட்டில் ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கியதும், ஸ்டீரிங் வழியாக வந்த உதை தகட்டில் இறங்கியது. டயர் பேசுகிறது என்று அவர் பெருமையடித்தாரே, அந்தப் பேச்சு இப்போது எலும்பில் ஏறியது. ஓரம் கட்டி, வியர்த்து உட்கார்ந்திருந்தார். மழைக்காலம் வருவதற்குள் காரை நாவலூரில் ஒருவருக்கு விற்றுவிட்டு, மோட்டார் ஸ்டீரிங் வண்டி வாங்கினார். மச்சான் காதுக்குப் போகக் கூடாது என்று மனைவியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

ரஞ்சித்குமாருக்கும் நிம்மதி இல்லை. கம்பெனியில் சோதனை ஓட்டுநர்கள் அவன் அமைத்த ஸ்டீரிங்கைத் திருப்பி அனுப்பினார்கள். கையில் ஒன்றுமே தெரியவில்லையாம். மாமன் சொன்ன அதே குறை. மொத்த வேலையையும் மறுபடி செய்தான். செய்த ஒவ்வொரு நாளும் மாமனை இன்னும் வெறுத்தான்.

கல்யாணத்துக்கு ரவிச்சந்திரன் போகவில்லை. பிறகு ரஞ்சித்குமாருடைய குழந்தையின் காதுகுத்துக்குச் சுஜாதா அழுது இழுத்துப் போனாள். திருக்கழுக்குன்றம் மண்டப வாசலில் புது வண்டியிலிருந்து அவர் இறங்குவதை ரஞ்சித்குமார் பார்த்துவிட்டான்.

"ஸ்டீரிங்கு எப்டி கீது?"

"பொணத்துக் கைய புடிச்சிகினு வந்த மாதிரி கீது."

ரஞ்சித்குமார் விருட்டென்று உள்ளே போய்விட்டான். பந்தியில் ஒருவர் இருந்த வரிசையில் மற்றவர் உட்காரவில்லை. சுஜாதா யாரையும் கூப்பிடவில்லை. "ரெண்டும் நாசமா போவட்டும்" என்று முணுமுணுத்துவிட்டு, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு இன்னொரு வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.