குதிரை லாயத்தில் எடுத்த படம்

டெக்சஸின் பிளானோ நகரில் வார நாட்களில் எனக்கு சாஃப்ட்வேர் வேலை. சனி, ஞாயிறுகளில் கேமராவைத் தூக்கிக்கொள்வேன். நம்மவர்களின் சீமந்தம், அரங்கேற்றம் எல்லாம் எடுப்பேன். அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரி சீனாவில் பிறந்தவள். கைக்குழந்தையாக இருந்தபோதே இங்குள்ள ஒரு வெள்ளைக்காரத் தம்பதி அவளைத் தத்தெடுத்து வந்துவிட்டார்கள். ஒருநாள் கேட்டாள்: "என்னைத் தனியாக ஒரு படம் எடுத்துத் தருவாயா? குடும்பப் படங்களைப் பார்ப்பவர்கள் என்னை யாரோ விருந்தாளி என்றே நினைக்கிறார்கள்."

எங்கள் கராஜில் சாம்பல் நிறத் துணி கட்டினேன். என் கணவர் எங்கிருந்தோ ஒரு சீன விசிறி வாங்கி வந்தார்.

"இத கையில வெச்சா கல்ச்சர் நல்லா தெரியும்ல?"

மறுக்காமல் பிடித்துக்கொண்டாள். படங்களில் மாறுவேடப் போட்டிக் குழந்தை மாதிரி விறைத்து நின்றாள்.

"பள்ளியிலும் இப்படித்தான் நிறுத்துவார்கள். எனக்குச் சீன மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது," என்று விசிறியைக் கீழே வைத்தாள். "என் குதிரையோடு எடுக்கலாமா?"

அடுத்த சனிக்கிழமை அவர்கள் பண்ணைக்குப் போனேன். லாயத்தில் நின்றிருந்தாள்: பழைய பூட்ஸ், வெளுத்த தொப்பி, முழங்கால் வரை புழுதி. குதிரை அவள் தோளை மூக்கால் இடித்தது. அதைத் திட்டிவிட்டு, அதே கோபத்தோடு என் பக்கம் திரும்பினாள். எடுத்துவிட்டேன். கேமராவில் பார்த்தவள், "இதுதான் நான்!" என்று கத்தியதில் குதிரையே மிரண்டது.

தன்னைப் போல் தத்து வந்தவர்களின் வாட்ஸப் குழுவில் அதைப் போட்டாள். ஒவ்வொருவராகப் படம் எடுத்துக்கொள்ள வர ஆரம்பித்தார்கள். பக்கத்து ஊரான இர்விங்கிலிருந்து ஒரு நர்ஸ் தன் பெண் குழந்தையோடு வந்தாள். "என் மூக்கை இன்னொரு முகத்தில் இவளிடம்தான் முதன்முதலாகப் பார்த்தேன்," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் என்னால் எடுக்க முடிந்தது.

அந்தப் படங்களை நூலகத்தில் கண்காட்சியாக வைத்தோம். நம்மூர் ஆன்ட்டி ஒருவர் என் பக்கத்து இருக்கைக்காரியிடமே போய், ஒரிஜினலாக எந்த ஊர் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் குறுக்கே புகப் போனேன். அவளோ சிரித்தாள். "இந்த ஃப்ரீவேயைத் தாண்டினால் எங்கள் பண்ணை, ஆன்ட்டி. தாத்தா காலத்திலிருந்து அங்கேதான்."

ஆன்ட்டி என்னைத் திரும்பிப் பார்த்தார். "அடேயப்பா, நாமதான் இங்க புதுசு!"

அதற்குள் அவள் அம்மா, முன்பின் தெரியாத ஒருவரின் கையைப் பிடித்து அந்தக் குதிரைப் படத்தின் முன்னால் இழுத்துவந்து, "என் மகள்! என் மகள்!" என்று நூலகம் என்பதையும் மறந்து உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.