பின்சில்லின் கீழ் ஒரு தேசிக்காய்

எங்கள் அண்ணாவைக் "கிளச் அண்ணை" என்று சொல்லிச் சிரித்தவர்களில் பலரது கைகளில் இன்று இந்த நினைவு மலர் இருக்கும். செத்த வீட்டில்கூட அந்தப் பெயர் என் காதில் விழுந்தது. செல்லமாகத்தான் சொன்னார்கள், தெரியும். இருந்தாலும் அவருடைய முப்பத்தோராம் நாளில், ஒரே தங்கையாகிய என்னால் அந்தப் பெயரைப் பற்றிச் சொல்லாமல் விட ஏலாது.

அண்ணா எங்கள் சல்லிக் கிராமத்தில் பிறந்தவர். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனபோது யாரோ விட்டுச்சென்ற இரட்டைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிள் ஒன்று கைமாறி அப்பாவிடம் வந்தது. அப்பா இளவயதிலேயே காலமாக, குடும்பமும் அந்த மோட்டார் சைக்கிளும் அண்ணாவின் பொறுப்பில் வந்தன. படிப்பை விட்டுப் புல்மோட்டைக்குப் போய் இயந்திரம் திருத்தும் வேலை பழகினார். என்னைப் படிப்பித்துக் கட்டிக்கொடுத்தார். தான் கட்டவில்லை. கேட்டால், "எனக்கு அம்மாவும் இதுவும் காணும்" என்று எஞ்சினைக் காட்டுவார்.

கால் மைல் ஓட்டம் என்று ஒரு போட்டி உண்டு. இரண்டு மோட்டார் சைக்கிள்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று, நேரே ஒரே பாய்ச்சல். இருமி முடிப்பதற்குள் முடிந்துவிடும். அதற்காக ஒரு மனிதர் பாதி ஆயுளைச் செலவழிப்பாரா என்று கேட்பீர்கள். அண்ணா செலவழித்தார். பெற்றோலை விட்டு மெதனோலில் ஓடும்படி எஞ்சினை மாற்றினார். பிஸ்டன்களைத் தானே கடைந்தெடுத்தார். சைலன்சர் கிடையாது. அவர் அதை ஸ்டார்ட் பண்ணினால் எங்கள் குசினி அலுமாரிக்குள் கோப்பைகள் ஆடும். பூசை முடியும்வரை பொறுக்கச் சொல்லிக் கோயிலிலிருந்து ஆள் வரும்.

சண்டைக் காலத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பதே வில்லங்கமாக இருந்தது. எஞ்சினைக் கழற்றி, கிரீஸ் பூசி, சாக்கில் கட்டி, கிண்ணியாவில் தன் கூட்டாளி வீட்டில் வைத்தார். அவரும் மெக்கானிக்தான், எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவர் நானா, இன்னொரு அண்ணன் மாதிரி. இடம்பெயர்ந்து ஓடியபோது நானா தன் வீட்டுச் சாமான்களை விட்டுவிட்டு அண்ணாவின் சாக்கைத் தூக்கிக்கொண்டு போனவர்.

சண்டை முடிந்து சில வருடங்களின் பின், வெளி மாவட்டம் ஒன்றில் பழைய விமான ஓடுபாதையில் போட்டி வைத்தார்கள், பழைய மோட்டார் சைக்கிள்களுக்கென்றே. அண்ணாவின் தலை அப்போது நரைத்துவிட்டது. நாங்களும் நானாவும் வான் பிடித்துப் போனோம். அம்மா சேலைத் தலைப்பில் தேசிக்காய் முடிந்துகொண்டு வந்தார். புதுச் சைக்கிள் வாங்கினாலும் கண்ணூறு கழியச் சில்லின் கீழ் தேசிக்காய் வைத்துச் சாறு தெறிக்க நசித்துத்தானே நாங்கள் ஓடுகிறோம். அண்ணா தொடக்கக் கோட்டில் நின்றபோது அம்மா விறுவிறுவென்று போய்ப் பின்சில்லின் முன்னால் அதை வைத்தார். அவருடைய வயதைப் பார்த்து ஒருவரும் தடுக்கவில்லை.

கொடி விழுந்தது. மற்றவர் போய்விட்டார். அண்ணாவின் பின்சில்லு நின்ற இடத்திலேயே சுழன்றது. எஞ்சின் வீரிட்டுக் கத்தி, படாரென்று வெடித்து, எண்ணெய் கொட்டியது. அண்ணா இறங்கி நேரே அம்மாவிடம் வந்தார்.

"கிளச் வழுக்கிப் போட்டுதம்மா. நான் வடிவா இறுக்கேல்லை."

"பறவாயில்லைத் தம்பி. தேசிக்காய் வைச்சபடியால் ஆளுக்கு ஒண்டும் ஆகேல்லை."

"ஓமம்மா," என்றார்.

அன்றைக்கு ஒட்டிய பெயர்தான் அது. கலியாண வீடுகளில், "என்ன, இண்டைக்காவது இறுக்கியாச்சோ?" என்று கேட்பார்கள். அண்ணா சிரித்துவிட்டுப் பந்தியில் இருந்து சாப்பிடுவார். ஓட்டை விழுந்த எஞ்சினைப் பிறகு அவர் தொடவில்லை. அம்மா மட்டும் ஆயுத பூசைக்கு அதற்குப் பொட்டு வைப்பார்.

எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, நானா பந்தலில் என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். "கிளச் வழுக்கினா சில்லு சுத்தாது தங்கச்சி," என்றார். "சில்லு சுத்தினத நீங்க எல்லாரும் பாத்தீங்கதானே? அது கோடே இல்லாத வழுவழுப்பான ரயர். சூடாக்கித் துடைச்சு, கைகூடப் படாம வெச்சிருந்தம். தேசிக்காய்த் தண்ணியில அது எப்படிப் புடிக்கும்? அம்மா வெச்ச உடன நான் அந்தக் காயக் காலால தட்டிவிடப் போனன். உங்கட அண்ணன் என்ட கையப் புடிச்சிட்டார். 'விடுங்கோ நானா, அம்மா பாத்துக்கொண்டு நிக்கிறா' எண்டார்."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று இன்னும் தெரியவில்லை. "எனக்காவது சொல்லியிருக்கலாமே" என்றேன். "தங்கச்சிக்குச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி எண்டவர்," என்றார் நானா. அண்ணாவுக்கு என்னைத் தெரியும். இதோ, அச்சிலேயே போட்டுவிட்டேன். அவர் உயிரோடு இருக்கும்போது ஒரு பந்தியிலாவது எழுந்து நின்று இதைச் சொல்லக் கிடைக்கவில்லையே என்பது எனக்கு ஆறவே ஆறாது.

அண்ணாவுக்கு நெஞ்சு நோவு வந்த காலை, ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட வானின் சில்லுக்கு வைக்க, அந்த அவசரத்தில் வீட்டில் தேசிக்காய் இருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு நாட்கள் கண் விழித்து எங்களோடு கதைத்தார்; பிறகு கதைக்கவில்லை. "அண்டைக்கு வைக்காமல் அனுப்பிப்போட்டன்" என்று சொல்லிச் சொல்லித்தான் அம்மா அழுகிறார்.

அண்ணாவைக் கவனித்த தாதிமாருக்கும், அடுப்பு மூட்டாத எங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்த சல்லி அயலவர்களுக்கும், கடலுக்குப் போகாமல் நின்று பாடை தூக்கிய தம்பிமாருக்கும், கிண்ணியாவிலிருந்து நாள்தோறும் வந்துபோன நானாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இனிமேல் அவரைக் கிளச் அண்ணை என்று சொல்லாதீர்கள்.

இன்னும் ஓர் உதவி வேண்டும். அம்மாவுக்கு இப்போது கண் தெரியாது. வீட்டுக்கு யார் வந்தாலும் இந்த மலரைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுவார். நானா சொன்னது வரும் இடத்தில் அதை விட்டுவிடுங்கள். கிளச் வழுக்கியது என்றே வாசியுங்கள். அண்ணா அப்படித்தான் சொன்னவர்.